காதால் எழுதிய நிரல்கள்: பார்வையற்ற நிரலாளர்களின் கருவிகள் வந்த கதை



கணினி நிரல் எழுதணும்னா திரையைப் பார்க்கத்தான் வேணும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். யோசிச்சுப் பாருங்க, நிரல் என்பது எழுத்துதானே. எழுத்தைக் காதால் கேட்கலாம், பிரெய்ல் புள்ளிகளாக விரலால் தடவியும் படிக்கலாம். பார்வையற்ற நிரலாளர்கள் பல ஆண்டுகளாக அப்படித்தான் வேலை செய்கிறார்கள். அவர்கள் பயன்படுத்தும் கருவிகளில் முக்கியமான சிலவற்றை உருவாக்கியவர்களும் அவர்களே. நம் மாணவர்களுக்குச் சொல்ல வேண்டிய வரலாறு இது.

எழுத்துத் திரை மறைந்தபோது

1980களில் டாஸ் கணினியின் திரையில் பெரும்பாலும் வெறும் எழுத்துதான் இருக்கும். அந்த எழுத்தை எடுத்துக் குரலாக மாற்றும் மென்பொருளைத் திரைவாசிப்பான் என்கிறோம். விபத்தில் பார்வையை இழந்த அமெரிக்கர் டெட் ஹென்டர் 1989இல் வெளியிட்ட ‘ஜாஸ்’ அவற்றில் ஒன்று.

1990களில் விண்டோஸ் பரவியது. திரையில் சின்னச் சின்னப் படங்கள் வந்தன, சுட்டியால் அவற்றைச் சொடுக்க வேண்டியதாயிற்று. கணினிக்கு அது புள்ளிகளால் வரைந்த ஓவியம். பழைய திரைவாசிப்பானுக்கு அதில் படிக்க ஒன்றுமில்லை. அதுவரை சிக்கலில்லாமல் வேலை பார்த்தவர்களுக்கு, வேலையே போயிடுமோ என்ற பயம் வந்தது. விண்டோஸுக்கான திரைவாசிப்பான்கள் பிறகு வந்தன, ஆனால் விலை அதிகம். மூல நிரல் மூடியிருந்ததால், குறை இருந்தாலும் நிறுவனம் திருத்தும்வரை காத்திருக்கத்தான் வேண்டும்.

ராமன் திறந்த வழி

புனேயில் பிறந்த டி. வி. ராமன், 14 வயதில் கண் அழுத்த நோயால் பார்வையை இழந்தார். கணிதம் படித்து, பம்பாய் ஐ.ஐ.டி.யில் கணினி அறிவியல் பயின்று, 1994இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். கணிதச் சமன்பாடுகள் நிறைந்த நூல்களைக் கணினி எப்படி வாய்விட்டுப் படிக்கலாம் என்பதே அவருடைய ஆய்வு.

அடுத்த ஆண்டே, 1995இல், ‘ஈமேக்ஸ்பீக்’ வெளிவந்தது. நிரல் எழுதப் பயன்படும் ‘ஈமேக்ஸ்’ என்ற உரைத் தொகுப்பி ஏற்கெனவே இருந்தது. ரிச்சர்ட் ஸ்டால்மன் வளர்த்த கட்டற்ற மென்பொருள் அது. மூல நிரல் திறந்திருந்ததால், ராமன் யாரிடமும் அனுமதி கேட்காமல் அதற்குள்ளேயே பேச்சைப் பின்னிவிட்டார்.

இதில் என்ன வித்தியாசம்? திரையில் ஒரு நாட்காட்டி இருக்கு என்று வைத்துக்கொள்வோம். வெறும் திரையைப் படிக்கும் மென்பொருள் “ஒன்று, இரண்டு, மூன்று” என்று எண்களை வரிசையாக ஒப்பிக்கும். ஈமேக்ஸ்பீக்கோ நீங்கள் நிற்கும் இடத்தைப் புரிந்துகொண்டு கிழமை, தேதி, மாதம், ஆண்டு எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்லும். நிரலில் கட்டளைக்கு ஒரு குரல், விளக்கக் குறிப்புக்கு வேறொரு குரல். பார்வையுள்ளவர் நிறத்தால் பிரித்தறிவதை இவர்கள் குரலால் பிரித்தறிகிறார்கள்.

கை சேர்த்தவர்கள்

அதே 1995இல் ‘பிரெய்ல் டிடிஒய்’ என்ற மென்பொருளுக்கான வேலை தொடங்கியது. லினக்ஸ் திரையின் எழுத்தை, விரலால் தொட்டுப் படிக்கும் பிரெய்ல் கருவிக்கு அது அனுப்பும். கனடாவின் கர்க் ரைசர், தாமே பார்வையற்றவர், லினக்ஸுக்காக ‘ஸ்பீக்கப்’ என்ற பேசும் வசதியை எழுதினார். படத்திரைக்காக ‘ஓர்கா’ வந்தது. 2006இல் நோம் என்ற லினக்ஸ் மேசைத்தளத்தோடு அது சேர்ந்தது.

அதே ஆண்டு ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் என்ற பார்வையற்ற இளைஞர், விண்டோஸுக்கு இலவசத் திரைவாசிப்பான் ஒன்றை எழுதத் தொடங்கினார். பெயர் என்விடிஏ. இன்னொரு பார்வையற்ற நிரலாளரான ஜேமி டே பிறகு அவரோடு சேர்ந்தார். இருவரும் சின்ன வயதில் இசை முகாம் ஒன்றில் சந்தித்தவர்கள். என்விடிஏ பெரும்பாலும் பைத்தான் மொழியில் எழுதப்பட்டது. பைத்தானில் வரியின் தொடக்கத்தில் விடும் இடைவெளி மாறினால் பொருளே மாறிவிடும் என்பது அதைக் கற்பிக்கும் உங்களுக்குத் தெரியும். அந்த இடைவெளியை என்விடிஏ இசை ஒலியாகவே கேட்க வைக்கும். உள்ளே தள்ளத் தள்ள ஒலி மாறும்.

திறந்திருந்தால் மட்டும் போதுமா?

போதாது. ஓர்கா சன் நிறுவனத்தின் ஊழியர்களால் வளர்ந்தது. 2010இல் ஆரக்கிள் நிறுவனம் சன்னை வாங்கியபின், ஓர்காவை வழிநடத்தியவர் வேலையிழந்தார். உலகெங்கும் எத்தனையோ பேர் நம்பியிருந்த மென்பொருளுக்குத் திடீரென்று ஆதரவில்லை. ஜோன்மேரி டிக்ஸ் முன்வந்து பொறுப்பேற்றதால்தான் அது பிழைத்தது. மூல நிரல் திறந்திருந்ததால் அவரால் தொடர முடிந்தது என்பது உண்மை. ஆனா, அவர் முன்வராமல் போயிருந்தால்?

இன்றைய வகுப்பறையிலும் இந்தக் கேள்வி இருக்கு. நாம் விரும்பிப் பயன்படுத்தும் ‘ஸ்கிராட்ச்’ திறந்த மூல மென்பொருள்தான். ஆனால் கட்டங்களைச் சுட்டியால் இழுத்து ஒட்டும் அந்த முறை, திரைவாசிப்பானோடு படிக்கும் பிள்ளைக்குப் பெரும் தடை. அந்தப் பிள்ளைக்கு எழுத்தில் அமைந்த நிரல்மொழிதான் எளிது.

தமிழாசிரியருக்கு இங்கே என்ன வேலை?

இருக்கு. என்விடிஏவோடு சேர்ந்து வரும் ‘ஈஸ்பீக்’ என்ற திறந்த மூலக் குரல் தமிழும் பேசும். எந்த எழுத்து எங்கே எப்படி ஒலிக்க வேண்டும் என்ற விதிகள், யாரும் திறந்து பார்க்கக்கூடிய சாதாரண உரைக் கோப்புகளில் எழுதப்பட்டுள்ளன. ‘பம்பரம்’ என்ற சொல்லில் முதல் பகரம் ஒருவிதமாகவும் மகர மெய்க்குப் பின் வரும் பகரம் வேறுவிதமாகவும் ஒலிப்பதை நாம் தினமும் சொல்லிக்கொடுக்கிறோம். கணினிக்குத் தேவைப்படுவதும் அதே அறிவுதான்.

ஒரு பாடவேளையில் என்விடிஏவை நிறுவி, மாணவர்களைக் கண்ணை மூடச் சொல்லி, பாடநூலின் ஒரு பத்தியை ஈஸ்பீக்கின் தமிழ்க் குரலில் கேட்க வையுங்க. எந்தச் சொல் பிழையாக ஒலிக்கிறது என்று அவர்களே பட்டியலிடட்டும். ஒலிப்பு இலக்கணத்துக்கு நல்ல பயிற்சி. அந்தப் பட்டியல் ஈஸ்பீக் உருவாக்குநர்களுக்குப் போய்ச் சேர்ந்தால், காதால் மட்டுமே தமிழ் படிக்கும் ஒரு பிள்ளைக்கும் பயன்படும்.