தொட்டி எலுமிச்சை மாற்றி நடுதல்

எலுமிச்சை, நார்த்தை, கிடாரங்காய் இளங்கன்றுகளை வேர் நெருக்கம் கண்டதும் சற்றுப் பெரிய தொட்டிக்கு மாற்றும் முறை. சென்னை மொட்டை மாடிகளில் எலுமிச்சையைக் காணலாம். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி, கடையம் வகையிலிருந்து தேர்ந்தெடுத்த பி.கே.எம். 1 தமிழகத்தில் பெயர்பெற்ற ரகம்.

அடித்துளையில் வேர் எட்டிப் பார்த்தாலும், ஊற்றிய நீர் மண்ணில் ஊறாமல் ஓரமாக வழிந்தாலும் மாற்ற வேண்டும். சென்னையில் கத்தரி வெயிலைத் தவிர்ப்பது நல்லது. ஆடி, ஆவணியோ தை, மாசியோ ஏற்றவை. புதிய தொட்டி பழையதைவிட 2 அங்குலம் அகலமாக இருந்தால் போதும். ஒரேயடியாகப் பெரிய தொட்டிக்குப் போவதுதான் பலரும் செய்யும் பிழை: வேர் எட்டாத மண்ணில் ஈரம் தேங்கி வேரழுகல் வரும். செம்மண், ஆற்று மணல், மக்கிய தொழு உரம் மூன்றும் கலந்து, சுற்றிச் சுருண்ட வேர்களை மெல்லப் பிரித்து நட வேண்டும். ஒட்டுக்கன்றானால் ஒட்டுப் பகுதி மண்ணுக்கு மேலே இருக்க வேண்டும். பிறகு ஒரு வாரம் நிழல்.

கடலோரப் பகுதிகளில் ஆழ்துளைக் கிணற்று நீர் உப்பாக இருந்தால் இலை நுனி கருகும். எலுமிச்சை இனம் உப்பைத் தாங்காது. மழைநீர் சிறந்தது. துளிர் விட்டதும் பறவை எச்சம் போன்ற புழுக்கள் வரும். அவை எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் இளம்புழுக்கள். பக்கத்துக் கறிவேப்பிலையையும் விடமாட்டா.