மானிப்பாய்க்கு வந்த 25 வயது டாக்டர்

எம்பிபிஎஸ் படித்த யாரைக் கேட்டாலும் க்ரேஸ் அனாடமி என்ற பெயரைச் சொல்வார்கள். முழுசா படிச்சவங்க கம்மி. முதல் வருஷம் அதை வாங்கி ஹாஸ்டல் மேசையில் வைக்காதவங்க அதைவிடக் கம்மி.

லண்டனில் அதன் முதல் பதிப்பு வந்தது 1858-ல்.

அதற்குப் பதினான்கே வருடத்தில், 1872-ல், க்ரே முதலானோரின் நூல்களை அடிப்படையாக வைத்துத் தமிழில் ஒரு பெரிய உடற்கூறு நூல் வந்துவிட்டது. பெயர் "மனுஷ அங்காதிபாதம்".

சென்னையில் இல்லை, மதுரையில் இல்லை. யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்தில் மானிப்பாய் என்ற ஊரில் இருந்து.

அந்த வேலைக்குப் பின்னால் நின்றவர் ஓர் அமெரிக்கர். அந்த ஊருக்கு வந்து இறங்கியபோது அவருக்கு 25 வயது. நம்ம ஊரில் ஹவுஸ் சர்ஜன் முடிச்சிட்டு, நீட் பிஜி எழுதுவதா, பிஎச்சி-யில் சேர்வதா என்று மண்டையை உடைச்சுக்கிற வயசு.

பதிவு கொஞ்சம் நீளம். டீயோ காபியோ எடுத்துட்டு வந்துடுங்க.

சாமுவேல் ஃபிஸ்க் கிரீன். யாழ்ப்பாணத்தில் கிறீன் என்று எழுதுவார்கள். 1822-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், வூஸ்டர் என்ற ஊரில் பிறந்தவர். 1845-ல் நியூயார்க்கில் மருத்துவப் பட்டம் வாங்கினார். நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க் உருவானதில் முக்கியப் பங்கு வகித்த ஆண்ட்ரூ கிரீன் இவருடைய அண்ணன்தான். அதாவது தம்பியும் அங்கேயே பிராக்டிஸ் போட்டு வசதியாக வாழ்ந்திருக்கலாம். ஆனால் அமெரிக்க மிசனில் பெயர் கொடுத்துவிட்டு, மாதக்கணக்கில் கப்பலில் வந்து, 1847 அக்டோபரில் யாழ்ப்பாணம் சேர்ந்தார்.

அமெரிக்க மிசன் அங்கே 1816-லேயே வந்துவிட்டது. அதன் முதல் மருத்துவர் ஜான் ஸ்கட்டர். 1819-ல் இலங்கை வந்தவர். எங்கேயோ கேட்ட பெயரா இருக்கா? வேலூர் சிஎம்சி-யைத் தொடங்கிய ஐடா ஸ்கட்டரின் தாத்தா அவர்.

சரி, ஒரு டாக்டராக எனக்கு முதலில் தோன்றும் கேள்வி இது. 1847-ல் ஒரு டாக்டர் கையில் என்ன இருந்தது?

ஸ்டெதாஸ்கோப் இருந்தது. கொயினா, அபின், கலோமெல் எனும் பாதரச மருந்து, விளக்கெண்ணெய், அம்மைப்பால். ஈதர் கொடுத்து வலியில்லாமல் அறுவை செய்யலாம் என்று பாஸ்டனில் நிரூபித்து அப்போதுதான் ஒரு வருடம் ஆகியிருந்தது. கைகழுவிவிட்டுப் பிரசவம் பார்த்தால் தாய்மார்கள் சாவது குறைகிறது என்று வியன்னாவில் செமல்வெய்ஸ் கண்டுபிடித்ததும் அதே 1847-ல்தான். ஊர் உலகம் அவரை நம்பவில்லை.

பிபி கருவி கிடையாது. எக்ஸ்ரே கிடையாது. அறுவைக்கு முன் கிருமிநாசினி பயன்படுத்தும் லிஸ்டரின் முறை வர இன்னும் இருபது வருடம் இருந்தது. கிருமி என்ற விஷயமே யாருக்கும் தெளிவில்லை.

இந்த நிலையில் காலராவை நினைத்துப் பாருங்கள்.

கிரீன் இருந்த காலத்தில் யாழ்ப்பாணத்துக்குக் காலரா திரும்பத் திரும்ப வந்தது. காலையில் நன்றாக நடமாடியவர் இரவுக்குள் வற்றிப்போய் இறந்துவிடும் நோய். இன்று எந்த பிஎச்சி-யிலும் ஒரு செவிலியர் ரிங்கர் லாக்டேட் ஏற்றியும் ஓஆர்எஸ் கொடுத்தும் காப்பாற்றிவிடக்கூடிய நோய். உப்பும் சர்க்கரையும் தண்ணீரும், அவ்வளவுதான் மருந்து. ஆனால் ஓஆர்எஸ் நடைமுறைக்கு வந்தது 1960-களுக்குப் பிறகு. கல்கத்தாவில் இருந்து காலரா கிருமியை ராபர்ட் காக் உலகுக்கு அறிவித்தது 1884-ல். கிரீன் இறந்ததும் அதே 1884-ல். தன் ஆயுள் முழுக்கச் சண்டை போட்ட எதிரி யார் என்று தெரியாமலேயே வேலை பார்த்திருக்கிறார் மனுஷன்.

அதை வைத்துப் பார்த்தால், அவர் செய்த காரியத்தின் பாதிக்கு மருந்து காரணமில்லை. பேச்சுதான் காரணம்.

அந்த இளைஞரின் அன்றாடம் எப்படி இருந்திருக்கும்?

1848-ல் மானிப்பாய்க்கு மாறிய அவர், அதன் பிறகு சுமார் பத்து வருடம் தனியாள். கல்யாணம் ஆகவில்லை. குடும்பம் கடலுக்கு அந்தப் பக்கம். சூயஸ் கால்வாய் 1869-ல்தான் திறந்தது. அதனால் வீட்டுக்கு எழுதும் கடிதம் போகவும் பதில் வரவும் மாதக்கணக்கில் ஆகும். நல்லா இருக்கீங்களான்னு கேட்டால் நல்லா இருக்கோம்னு பதில் வருவதற்குள் பருவமே மாறிவிடும். இருந்தும் விடாமல் எழுதினார். அந்தக் கடிதங்கள் 1891-ல் அமெரிக்காவில் நூலாக வந்தன.

வந்தவுடன் ஒவ்வொரு மிசனரியும் செய்யவேண்டிய முதல் வேலை, ஒரு முன்ஷியிடம் உட்கார்ந்து தமிழ் கற்பது. அ, ஆ-வில் இருந்து.

மிசன் மருந்தகங்களின் வழக்கம் இப்படித்தான்: காலையில் கூட்டம் கூடும். முதலில் வேதாகம வாசிப்பு, ஜெபம். அப்புறம்தான் வைத்தியம். இதை நான் மறைத்து எழுத விரும்பவில்லை. அவரை அனுப்பிய சபை அவரை அனுப்பியது மதம் மாற்ற. வைத்தியம் அதற்கு ஒரு வழி என்பதில் அந்தச் சபைக்கு எந்தக் குழப்பமும் இல்லை.

அந்த ஊர் மக்களுக்கும் இல்லை. கிரீன் மானிப்பாயில் வேலையைத் தொடங்கிய அதே 1848-ல்தான் சில மைல் தள்ளி வண்ணார்பண்ணையில் ஆறுமுக நாவலர் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். மிசன் பள்ளிகளுக்குப் போட்டியாக, மிசனின் முறைகளையே எடுத்துக்கொண்டு. ஒரே வருடம், ஒரே வட்டாரம். இரண்டு பேரும் ஏறக்குறைய ஒரே வயது. நாவலரும் 1822-ல் பிறந்தவர்தான்!

மிசன் பள்ளியில் படிக்கும் பையனுக்கு அமெரிக்காவில் யாராவது பணம் கட்டுவார்கள். அவர் பெயரையே பையனுக்கு வைத்துவிடுவார்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளில் ஒருவரும், பின்னாளில் தொல்காப்பியத்தையும் கலித்தொகையையும் பதிப்பித்தவருமான சி.வை. தாமோதரம்பிள்ளை தெரியும்தானே? அவரும் வட்டுக்கோட்டை மிசன் செமினரியில் படித்தவர். ஆங்கிலத்தில் சி.டபிள்யூ. தாமோதரம்பிள்ளை. அவர் கடைசியில் சைவராகத்தான் வாழ்ந்தார். பெயரை மாற்றலாம், ஆளை மாற்றுவது கஷ்டம் போல.

கிரீனின் புத்தகங்களில் டான்போர்த், சாப்மன் என்று பெயர்கள் வரும். வெள்ளைக்காரர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். அவரிடம் படித்த தமிழ் டாக்டர்கள். மொழிபெயர்ப்பில் பெரும்பகுதி உழைப்பு இவர்களுடையது. புகழ் மட்டும் கிரீனுக்குப் போய்விட்டது என்பது என் வருத்தம்.

வகுப்புக்கு வருவோம்.

1848-லேயே ஒரு சில மாணவர்களைச் சேர்த்து மேனாட்டு மருத்துவம் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்துவிட்டார். கொழும்பில் மருத்துவக் கல்லூரி வந்தது 1870-ல். அதற்கு 22 வருடம் முன்பு!

பாடம் ஆங்கிலத்தில்தான். ஆனால் தமிழ் நூல் வேலையும் கூடவே ஓடியது. முதல் நூல் 1852-ல், கட்டர் என்பவரின் உடற்கூறு நூலைத் தழுவிய "அங்காதிபாதம்". அடுத்தது என்ன என்று பாருங்கள். அறுவை சிகிச்சை இல்லை, மருந்தியல் இல்லை. 1857-ல் "பிரசவ வைத்தியம்".

ஏன் என்று யோசித்தேன். ஆண் டாக்டரைப் பிரசவ அறைக்குள் யாரும் விடாத காலம். மருத்துவச்சியால் முடியாமல் போன பிறகு, இரண்டு மூன்று நாள் கழித்து, கடைசி நேரத்தில்தான் கூப்பிடுவார்கள். தடைப்பட்ட பிரசவத்தைக் கண்ணால் பார்த்தவர்களுக்கு அது எப்படி முடியும் என்று தெரியும். பார்த்தது மனதில் உறுத்தித்தான் அந்த நூலை இரண்டாவதாக எடுத்திருப்பார் என்பது என் ஊகம். மகப்பேறு வார்டில் ஒரு நைட் டூட்டி பார்த்த எவரும் அதைத்தான் முதலில் எடுப்பார்கள்.

பத்து வருடம் முடிந்து அமெரிக்கா திரும்பினார். 1862-ல் திருமணம் செய்து, மனைவி மார்கரெட்டோடு அதே வருடம் மறுபடி யாழ்ப்பாணம்.

இரண்டாவது முறை வந்தபோதுதான் அந்த முடிவை எடுத்தார். 1864 முதல் மருத்துவப் பாடம் தமிழில்.

மொழிப்பற்று என்று நினைப்பீர்கள். அவர் அமெரிக்கர், தமிழ்ப்பற்று வந்தது உண்மைதான். ஆனால் முக்கியக் காரணம் வேறு. ஆங்கிலத்தில் படித்த மாணவன் கற்று முடித்ததும் ஊரை விட்டுப் போய்விடுகிறான். அரசு உத்தியோகம், தெற்கே வேலை, நல்ல சம்பளம். கிராமத்தில் வாந்திபேதி வந்தால் பார்க்க ஆள் இல்லை. தமிழில் படித்தவன் தமிழர்கள் இருக்கும் ஊரிலேயே இருப்பான் என்று கணக்குப் போட்டார்.

இதைப் படித்தபோது சிரிப்பும் வந்தது, ஒரு மாதிரியாகவும் இருந்தது. கிராமத்துக்கு டாக்டர் போகமாட்டேங்கறார் என்ற பஞ்சாயத்து நம்ம காலத்துப் பஞ்சாயத்து என்றுதானே நினைத்தோம்? பாண்டு, கட்டாய கிராமப்புற சேவை, ஊக்க மதிப்பெண் என்று நாம் இன்றைக்குச் செய்துபார்க்கும் எல்லாவற்றுக்கும் முன்னால், ஒருத்தர் பாடமொழியை மாற்றிப் பார்த்திருக்கிறார்.

புத்தகம் இல்லாமல் எப்படிப் பாடம் நடத்துவது? அதனால் எழுதித் தள்ளினார்கள். 1867-ல் "இரண வைத்தியம்", அதாவது சர்ஜரி. 1872-ல் "மனுஷ அங்காதிபாதம்", பொது மருத்துவத்துக்கு "வைத்தியாகரம்". 1875-ல் "கெமிஸ்தம்". 1883-ல் "மனுஷ சுகரணம்", அதாவது பிசியாலஜி. எல்லாம் சேர்த்து நாலாயிரம் பக்கத்துக்கு மேல்.

"கெமிஸ்தம்" என்ற தலைப்பைக் கவனித்தீர்களா? கலைச்சொல்லுக்கு அவர் வைத்திருந்த முறை எளிமையானது. முதலில் தமிழில் தேடு. கிடைக்கவில்லையா, வடமொழியில் தேடு. அங்கேயும் இல்லையா, ஆங்கிலச் சொல்லையே தமிழ் எழுத்தில் எழுதி, தமிழ் வால் ஒன்றை ஒட்டிவிடு. கெமிஸ்ட்ரி, கெமிஸ்தம். முடிந்தது வேலை. தூய்மைவாதிகளுக்கு இது பிடிக்காது. எனக்குப் பிடித்திருக்கிறது. சொல் பழகினால் போதும், பிறந்த ஊரை யார் கேட்கப் போகிறார்கள்?

இன்னொன்றும் அவர் பிடிவாதமாகச் சொன்னார். என் மாணவன் கால்சட்டை மேல்சட்டை போட்டுக்கொண்டு அரை வெள்ளைக்காரனாக வெளியே போகக் கூடாது, வேட்டி சால்வையோடு ஊர்க்காரனாகப் போகவேண்டும். கிறிஸ்தவன் ஆவதற்கும் ஐரோப்பியன் ஆவதற்கும் சம்பந்தம் இல்லை என்பது அவர் நிலைப்பாடு. ஆனால், மாணவன் என்ன உடுத்த வேண்டும் என்று வெளியூர் வாத்தியார் முடிவுசெய்வதும் அதிகாரம்தானே? அந்த மாணவர்களில் யாருக்காவது கால்சட்டை போட ஆசை இருந்திருக்கலாம். அதை யார் கேட்டார்கள்?

1873-ல் உடல்நிலை கெட்டுத் திரும்பிப் போனார். அதற்குள் 60-க்கும் மேற்பட்ட தமிழர்களை டாக்டர்கள் ஆக்கியிருந்தார்.

போனவர் சும்மா இருந்தாரா என்றால், இல்லை. மேலே சொன்ன பட்டியலில் கெமிஸ்தத்துக்கும் மனுஷ சுகரணத்துக்கும் உள்ள வருடங்களைப் பாருங்கள். 1875, 1883. இரண்டும் அவர் யாழ்ப்பாணத்தை விட்டுப் போன பிறகு வந்தவை. பனி பெய்யும் வூஸ்டரில் உட்கார்ந்து தமிழ்ப் பிரதி திருத்திக் கப்பலில் அனுப்பியிருக்கிறார். தன் கல்லறையில் தமிழர்களுக்கு மருத்துவ ஊழியம் செய்தவன் என்று பொறிக்கச் சொன்னார். அப்படியே பொறித்தார்கள்.

அவருடைய தமிழ் வகுப்புகள் அவருக்குப் பிறகு நீடிக்கவில்லை. கொழும்பில் ஆங்கிலக் கல்லூரி வந்துவிட்டது. அந்தப் பட்டம்தான் மதிப்பு, அதற்குத்தான் அரசு வேலை. புத்தகங்கள் பரணுக்குப் போயின. கிட்டத்தட்ட மறந்தே போன அவரை மீட்டவர் யாழ்ப்பாணத்துக் கவிஞர் அம்பி. 1967-ல் "கிறீனின் அடிச்சுவடு" என்று நூல் எழுதினார்.

2022-ல் மத்தியப் பிரதேசத்தில் இந்தியில் எம்பிபிஎஸ் புத்தகங்கள் வெளியிட்டபோது, தமிழில் முடியுமா என்று இங்கேயும் பெரிய விவாதம் ஓடியது. முடியவே முடியாது என்றார்கள் பலர். முடியும் என்பதற்கு 150 வருடப் பழைய சாட்சி இருக்கிறது. அதே சாட்சி இன்னொன்றும் சொல்கிறது: புத்தகம் மட்டும் இருந்தால் போதாது, அந்த மொழியில் படித்தவனுக்கு வேலையும் மரியாதையும் இருக்கவேண்டும். அது இல்லாததால்தான் நாலாயிரம் பக்கமும் நின்றுபோனது. இரண்டு தரப்பும் பாதி சாட்சியை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள் என்பது என் எண்ணம்.

எம்பிபிஎஸ் முழுவதும் தமிழுக்கு மாறவேண்டும் என்று நான் கேட்கவில்லை. மேல்படிப்பு, ஆராய்ச்சி எல்லாம் ஆங்கிலத்தில் இருக்கும்வரை அது மாணவர்களுக்குச் சுமை. ஆனால் ஓபி-யில் தினமும் ஒருவராவது "ஸ்ட்ரோக்குன்னா மாரடைப்புதானே சார்?" என்று கேட்கிறார்கள். பக்கவாதம் என்று ஒரு சொல் இருக்கும்போதே இந்தக் கதி. கிரியாட்டினின் கூடியிருக்கு என்று சொன்னால் தலையாட்டிவிட்டு, வெளியே போய் மருந்து கொடுக்கும் பெண்ணிடம் "டாக்டர் என்ன சொன்னார்?" என்று கேட்கிறார்கள். காலரா, கண், காது, தாயும் சேயும் என்று கிரீன் சின்னச் சின்னத் துண்டு வெளியீடுகள் தமிழில் போட்டார். என்னைக் கேட்டால் அந்தப் பெரிய புத்தகங்களைவிட இந்தத் துண்டுத் தாள்கள்தான் அதிக உயிரைக் காப்பாற்றியிருக்கும்.

ஆர்வம் இருப்பவர்களுக்கு: ஈழத்து நூல்களைச் சேகரிக்கும் "நூலகம்" இணையதளத்தில் கிரீனின் நூல்கள் சில இலவசமாகவே படிக்கக் கிடைக்கின்றன. மருத்துவ மாணவத் தம்பி தங்கைகள் பத்துப் பக்கமாவது புரட்டிப் பாருங்கள். வாயில் நுழையாத சொற்களும் இருக்கும், இதை ஏன் நாம் விட்டோம் என்று தோன்றும் சொற்களும் இருக்கும். இரண்டாவது வகையில் ஏதாவது கண்ணில் பட்டால் எனக்கும் சொல்லுங்கள். ஓபி-யில் பயன்படுத்திப் பார்க்கிறேன்.