மாலத்தீவா, மாலைத்தீவா?

இந்தியப் பெருங்கடலில் கிட்டத்தட்ட 1,200 தீவுகள் சேர்ந்த ஒரு நாட்டைத் தமிழில் இரண்டு விதமாக எழுதுகிறோம். சிலர் மாலத்தீவு என்கிறார்கள், சிலர் மாலைத்தீவு என்கிறார்கள். வேறுபாடு ஓர் ஐகாரம்தான். ஆனால் அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்ற வழக்கே அதற்குள் இருக்கிறது.

பின்பாதியில் சிக்கல் இல்லை. ‘த்வீபம்’ என்ற வடசொல் தமிழில் ‘தீவு’ ஆயிற்று. அரபு மாலுமிகள் வாயில் ‘தீப்’ ஆயிற்று. அவர்கள் இலங்கைக்கு இட்ட ‘செரந்தீப்’, குஜராத் கரையோரத்து ‘தியு’ இரண்டிலும் இருப்பது இதே சொல்தான்.

முன்பாதியை ‘மாலை’ என்று கொள்வோருக்குக் கண்கண்ட சான்று உண்டு. பவளத் திட்டுகள் வளையம் வளையமாகக் கிடக்கின்றன. 1343-44இல் அங்கே காஜியாக இருந்த பயணி இபின் பதூதா, நூறு தீவுகள்வரை வட்டமாகச் சூழ்ந்திருக்க, வாசல்போல் ஒரே ஒரு வழி இருப்பதாக எழுதினார். உள்ளூர் ஆள் ஒருவர் வழிகாட்டாமல் கப்பல் உள்ளே நுழைய முடியாது. இதைக் கேட்டவருக்கு மாலை நினைவுக்கு வருவது இயல்பே.

ஆனால் அதே இபின் பதூதா ‘மஹல்’ என்ற தீவைப் பற்றியும் சொல்கிறார். சுல்தான் வாழ்ந்த தீவு அது. மற்ற எல்லாத் தீவுகளுக்கும் அதன் பெயரே வழங்கியது என்கிறார். இன்றைய தலைநகர் மாலே அதுதான். சோழியும் கயிறும் மாசிக் கருவாடும் வாங்கப் போன வணிகர்கள் அரசர் இருந்த துறையைத்தானே முதலில் அறிந்திருப்பார்கள்? துறையின் பெயர் தீவுக்கூட்டம் முழுவதற்கும் பரவியது என்பதே எனக்கு வலுவான முடிவாகப் படுகிறது. ஐகாரம் நம் காது சேர்த்த அழகு. மாலத்தீவு என்றே எழுதலாம்.

தமிழில் இத்தீவுகளுக்கு இன்னொரு பழைய பெயரும் உண்டு. முதலாம் இராஜராஜனின் மெய்க்கீர்த்தி அவன் வென்ற ‘முந்நீர்ப் பழந்தீவு’களைப் பன்னீராயிரம் என்கிறது. அறிஞர் பலர் அதை மாலத்தீவாகவே கொள்கிறார்கள். 1602இல் கப்பல் உடைந்து அங்கே சிக்கிய பிரெஞ்சுக்காரர் பிரான்சுவா பிரார், அந்நாட்டு மன்னர் தம்மைப் பன்னீராயிரம் தீவுகளுக்கு அரசர் என்று சொல்லிக்கொண்டதாகப் பதிந்திருக்கிறார். இடையில் ஆறு நூற்றாண்டுகள் கடந்தும் எண் மாறவில்லை. எண்ணிப் பார்த்துச் சொன்ன கணக்கல்ல. அந்நாட்டு மன்னரின் விருதுப்பெயரே அப்படி இருந்திருக்கிறது.

இவையெல்லாம் வெளியார் அழைத்த பெயர்கள். அங்குள்ளவர்கள் தங்கள் நாட்டை ‘திவேகி ராஜ்ஜே’ என்கிறார்கள். ‘திவேகி’ என்றால் தீவில் வாழ்பவர். அவர்கள் மொழிக்கும் அதுவே பெயர். ராஜ்ஜே என்பது நம் ராஜ்ஜியம். மாலையும் இல்லை, மாலேயும் இல்லை. தீவாரின் நாடு, அவ்வளவே.

அந்தச் சிறிய மொழி உலகத்துக்கு ஒரு சொல்லைத் தந்தது. வளையத் தீவுக்கூட்டத்தைத் திவேகியில் ‘அதொளு’ என்பார்கள். பிரார் அதைத் தம் நூலில் எழுதி ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனார். 1842இல் டார்வின் பவளத்திட்டுகளைப் பற்றி எழுதிய நூலில் அது ‘அட்டோல்’ என்ற அறிவியல் சொல்லாகவே நிலைபெற்றது. பசிபிக் கடல் நடுவே, அமெரிக்கா அணுகுண்டு வெடித்துப் பார்த்த பிகினி அட்டோலுக்கும் உலகம் வைத்திருப்பது திவேகிச் சொல்தான்.