பாண்டிச்சேரியில் ஒரு 2000 வருஷத்துச் சரக்கு

எங்க ஊரில், அதாவது திருவண்ணாமலையில், ஒருத்தன் "நாளைக்கு பாண்டி போறேன்" என்று சொன்னால் போதும். கேட்பவர் முகத்தில் ஒரு சிரிப்பு வரும். எதற்கு என்று யாரும் கேட்பதில்லை. :-)

ஸ்பெயினில் இதையே மரியாதையாகச் செய்கிறார்கள். மாட்ரிட் நகரத்தில் காலையில் கிளம்பி, திராட்சைத் தோட்டம், ஒயின் இறக்கும் நிலவறை, ஆள் உயர மண் ஜாடி எல்லாம் பார்த்துவிட்டு ராத்திரி திரும்பிவிடுகிறார்கள். கேட்டால் சரித்திரம், கலாசாரம் என்கிறார்கள். நமக்கும் அப்படி ஒரு இடம் இருக்கிறது. செஞ்சி, திண்டிவனம் வழியாக பஸ்ஸில் போனால் பாண்டிச்சேரி நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். அங்கிருந்து தெற்கே நாலு கிலோமீட்டர் தள்ளி, அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் இருக்கிறது அரிக்கமேடு. இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் இத்தாலி, கிரேக்கத் தீவு ஒயின் எல்லாம் வந்து இறங்கிய இடம் இது.

கண்டுபிடித்த கதை

கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட 'பெரிப்ளூஸ்' என்ற மாலுமிக் கையேடு, சோழக் கடற்கரையில் 'பொதுகே' என்று ஒரு துறைமுகத்தைக் குறிப்பிடுகிறது. அது அரிக்கமேடுதான் என்பது பெரும்பாலான ஆய்வாளர்கள் கருத்து.

1768-ல் லெ ஜாந்தி என்ற பிரெஞ்சு வானியல் அறிஞர் பாண்டிச்சேரிக்கு வந்தார். மறு வருஷம் சூரியனுக்குக் குறுக்கே வெள்ளிக் கிரகம் போவதைப் பார்க்க வந்தவர். பாவம், அன்றைக்குப் பார்த்து மேகம் மூடிவிட்டது. ஆனால் இங்கே இருந்த நாட்களில் வீராம்பட்டினம் பக்கம் பழைய செங்கல் சுவர்கள் இருப்பதைப் பார்த்து எழுதி வைத்தார். அதன் பிறகு நூற்றைம்பது வருஷத்துக்கு மேல் யாரும் கண்டுகொள்ளவில்லை.

1937-ல் ழுவோ துப்ரேய் என்ற பிரெஞ்சுப் பேராசிரியருக்கு, இந்த ஊர்ப் பையன்கள் மண்ணில் பொறுக்கிய மணிகள், கற்கள் மூலமாக இடம் தெரிய வந்தது. ஒரு கல்லில் இருந்த முகம் ரோமப் பேரரசர் அகஸ்டஸ் என்று அவர் சொன்னார். 1944-ல் இந்தியத் தொல்லியல் துறைக்குத் தலைவராக வந்த மார்டிமர் வீலர், சென்னை மியூசியத்தில் ஒரு ஜாடித் துண்டைப் பார்த்து அசந்து போய், நேரே இங்கே வந்தார். அப்போது பாண்டிச்சேரி பிரெஞ்சு ஆட்சியில் இருந்த ஊர். 1945-ல் தோண்டினார்.

அவருக்குக் கிடைத்தது தங்கமோ சிலையோ இல்லை, உடைந்த சட்டிகள். அதில் இத்தாலியின் அரெஸ்ஸோ ஊரில் செய்த சிவப்புத் தட்டுத் துண்டுகள் இருந்தன. அந்தத் தட்டுகள் எந்தக் காலத்தில் செய்யப்பட்டவை என்பது ஐரோப்பாவில் ஏற்கெனவே தெரியும். அப்படியானால் அதே மண் அடுக்கில் கிடைக்கும் நம்ம ஊர்ப் பானைகளின் காலமும் தெரிந்துவிடும் இல்லையா? தேதியே இல்லாமல் கிடந்த தென்னிந்தியத் தொல்லியலுக்கு முதல் உருப்படியான தேதி இப்படித்தான் கிடைத்தது.

ஜாடிக்குள் என்ன?

ஒயின் வந்த ஜாடிக்கு ஆம்போரா என்று பெயர். இரண்டு கைப்பிடி, நீண்ட கழுத்து, அடி கூர்மையாக இருக்கும். தரையில் நிற்காது, ஆனால் கப்பலில் வரிசையாக அடுக்க வசதி. சுமார் 25 லிட்டர் பிடிக்கும். வெறும் ஜாடியே பத்து கிலோவுக்கு மேல். கசியாமல் இருக்க உள்ளே மரப்பிசின் பூசியிருப்பார்கள்.

அரிக்கமேட்டு ஜாடித் துண்டுகளை ஆராய்ந்தவர் எலிசபெத் லைடிங் வில் என்ற அமெரிக்க அறிஞர். பெரும்பாலானவை ஒயின் ஜாடிகள் என்றார். கிரேக்கத் தீவான கோஸ், அதைப் பார்த்து அதே மாதிரி ஜாடி செய்த இத்தாலியின் கம்பானியா ஆகிய இடங்களிலிருந்து வந்தவை அதிகம். கோஸ் ஒயினில் ஒரு விசேஷம், அதில் கடல் தண்ணீர் கலப்பார்கள்! நம்மால் யோசித்துக்கூடப் பார்க்க முடியாது.

ஸ்பெயினும் இந்தப் பட்டியலில் இருக்கிறது, ஆனால் ஒயினுக்காக இல்லை. அங்கிருந்து வந்த ஜாடிகளில் இருந்தது காரம் என்கிற மீன் சாறு. (நம்ம காரம் இல்லை, பெயர் அப்படி.) மீனை உப்பில் போட்டு வெயிலில் புளிக்க வைத்து எடுப்பது. ஒயினை யார் வேண்டுமானாலும் வாங்கியிருக்கலாம். ஸ்பெயின் மீன் சாற்றை யார் வாங்கியிருப்பார்கள்? அந்த ருசி பழகியவர்கள்தான். ஆகவே வெளிநாட்டு வியாபாரிகள் சிலராவது இங்கே தங்கியிருக்க வேண்டும் என்று ஊகிக்க முடிகிறது.

ஸ்பெயின் ஜாடிகள் எவ்வளவு வியாபாரம் ஆயின என்று தெரிய ரோம் நகரத்தில் ஒரு குன்றையே பார்க்கலாம். மோன்டே டெஸ்டாச்சோ என்று பெயர். முழுக்க உடைந்த ஜாடிகள், பெரும்பகுதி ஸ்பெயின் ஆலிவ் எண்ணெய் வந்தவை. உயரம் சுமார் 35 மீட்டர், சுற்றளவு ஒரு கிலோமீட்டர். நம்ம கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர் என்றாலும், குப்பையில் உருவான மலைக்கு அது பெரிய விஷயம்தான்.

பி.காம் மாணவனின் கணக்கு

இத்தாலியில் இறக்கிய ஒயின் முதலில் கப்பலில் அலெக்சாண்டிரியா. பிறகு படகில் நைல் நதி வழியாக கோப்டோஸ். அங்கிருந்து ஒட்டகத்தில் 12 நாள் பாலைவனம் தாண்டி செங்கடலோரம் பெரனிகே. பிறகு பருவக்காற்றைப் பிடித்து அரபிக்கடல். இவ்வளவு தூரம் பத்து கிலோ மண்ணையும் சேர்த்துச் சுமந்து வந்தால் லிட்டர் என்ன விலைக்கு விற்றிருப்பார்கள்?

வாங்கிப் போனது மிளகு, முத்து, துணி, தந்தம். ரோம எழுத்தாளர் பிளினி, வருஷத்துக்கு 5 கோடி செஸ்டர்ஸ் பணத்தை இந்தியா உறிஞ்சிக்கொள்கிறது என்று புலம்பினார். இந்தச் சரக்கு அங்கே நூறு மடங்கு விலைக்கு விற்கிறது என்பதும் அவர் சொன்னதுதான். வியன்னாவில் உள்ள ஒரு பப்பைரஸ் ஆவணம் (1985-ல் வெளியானது) முசிறியிலிருந்து எகிப்து போன ஒரே கப்பலின் சரக்கைக் கணக்குப் போடுகிறது. மதிப்பு சுமார் 70 லட்சம் செஸ்டர்ஸ். எகிப்தில் இறக்குமதி வரி 25 சதவீதம்!

அப்படியானால் ஏழு கப்பலிலேயே பிளினியின் 5 கோடி முடிந்துவிடுமே? ஆனால் வருஷத்துக்கு 120 கப்பல் இந்தியா போனதாக ஸ்ட்ராபோ எழுதுகிறார். நான் நினைப்பது இது: பப்பைரஸில் இருப்பது எகிப்தில் சரக்கின் மதிப்பு, பிளினி சொல்வது இங்கே வந்து சேர்ந்த காசு. வாங்கிய விலை மிகக் குறைவு, அதிலும் ஒரு பங்கை ஒயின், பவளம் போன்ற சரக்கு ஈடுகட்டியிருக்கும். மூன்று பேரும் வெவ்வேறு காலத்தவர் என்பதால் இதைத் துல்லியமான பேலன்ஸ் ஷீட் ஆக்க முடியாது. ஆனால் வெறுங்கையோடு வந்த கப்பல் இல்லை என்பது ஜாடிகளைப் பார்த்தாலே தெரிகிறது.

குடித்தது யார்? ஊர் யாருடையது?

புறநானூறு 56-ம் பாட்டில் நக்கீரர், யவனர் கொண்டுவந்த குளிர்ந்த, மணமுள்ள மதுவைப் பொற்கலத்தில் பெண்கள் ஊற்றித் தர, அருந்தி மகிழ்ந்திரு என்று பாண்டியன் நன்மாறனை வாழ்த்துகிறார். அதில் வரும் 'கலம்' கப்பலா, ஜாடியா என்று இரண்டு விதமாகவும் பொருள் சொல்கிறார்கள். எப்படியானாலும் அது ராஜா வீட்டுச் சரக்கு. சாதாரண ஜனங்களுக்குக் கள் இருந்தது, அது போதும்.

அடுத்த கேள்விதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. வீலர் இந்த இடத்தை 'இந்தோ-ரோமன் வணிக நிலையம்' என்றார். யவனர் வந்த பிறகுதான் இந்த ஊர் ஊராக ஆனது என்பது போல ஒரு எண்ணம் பரவிவிட்டது. 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி, சென்னைப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து மறுபடி தோண்டினார். ரோம வியாபாரம் சூடு பிடிப்பதற்கு முன்பே இங்கே ஊர் இருந்தது, அந்த வியாபாரம் குறைந்த பிறகும் தொடர்ந்தது என்று தெரிந்தது. வீலர் வெளிநாட்டுச் சரக்கு என்று நினைத்த, உருளைக் கோட்டு அலங்காரம் போட்ட தட்டுகள்கூட இந்தியாவில் செய்தவை என்று ஆனது. தமிழ் பிராமியில் பெயர் கீறிய பானை ஓடுகள், மணி செய்த கழிவுகள் எல்லாம் சொல்வது ஒன்றுதான். கடையும் தொழிலும் நம்முடையது. வந்தவர்கள் வாடிக்கையாளர்கள்.

போகிறவர்களுக்கு

ஸ்பெயின் மாதிரி நிலவறை, சுவைத்துப் பார்க்க ஒரு கிளாஸ் எல்லாம் எதிர்பார்க்காதீர்கள். தோண்டிய குழிகளை மூடிவிட்டார்கள். இருப்பது தோப்பு, ஆறு, ஒரு இடிந்த செங்கல் கட்டிடம். அதன் முன்னால் நின்று ரோமானியக் கட்டிடம் என்று போட்டோ எடுக்காதீர்கள், அது 18-ம் நூற்றாண்டு பிரெஞ்சுப் பாதிரிமார் கட்டியது! முதலில் பாண்டிச்சேரி மியூசியத்தில் ஜாடிகளையும் மணிகளையும் பார்த்துவிட்டு, பிறகு மேட்டுக்குப் போங்கள். அப்போதுதான் காலுக்குக் கீழே என்ன இருந்தது என்று புரியும்.

அங்கே கிடக்கும் ஓட்டுச்சில்லை ஞாபகார்த்தமாக எடுத்து வராதீர்கள். பாதுகாக்கப்பட்ட இடம் என்பது ஒரு காரணம். இன்னொன்று, எந்த அடுக்கில் கிடந்தது என்ற விவரம் போய்விட்டால் அது வெறும் உடைந்த சட்டி. பில் இல்லாத வவுச்சர் மாதிரி, எந்தக் கணக்கிலும் சேராது.