நத்தார் தட்டில் வந்த வரலாறு



போன கிழமை ஒன்பதாம் ஆண்டு வரலாற்றுப் பாடத்தில் ஒரு மாணவன் எழும்பி நின்று கேட்டான். "சேர், நத்தாருக்கு அரிப்பில இருந்து பலகாரத் தட்டு வந்தா நாங்க சாப்பிடலாமா? போன்ல கூடாது என்டு போட்டிருக்காங்க."

வகுப்பு முழுக்க என் முகத்தைப் பார்த்தது. நான் மௌலவி அல்ல, வரலாறு படிப்பிக்கிறவன். "மார்க்கச் சட்டத்தைப் பள்ளியில் ஹஸரத்திடம் கேள். அந்தத் தட்டில் என்ன இருக்கிறது என்று நான் சொல்லித் தருகிறேன்" என்றேன். மணி அடித்துவிட்டது. வகுப்பில் சொல்லி முடியாததை இங்கே எழுதுகிறேன். நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டுக்கு அந்தத் தட்டு ஏற்கெனவே வந்துவிட்டது. அரிப்பில் இருந்து ஓர் அக்கா ஒவ்வொரு வருடமும் நத்தாருக்கு முந்திய நாட்களில் கொண்டுவருவார். இம்முறை அதில் மெல்லிய கடதாசியில் சுற்றிய கேக் துண்டுகள், முறுக்கு, கொக்கிஸ், பிள்ளைகளுக்குக் கொஞ்சம் கண்டோஸ், ஒரு போத்தல் ஜிஞ்சர் பியர், மலைநாட்டில் வேலை செய்யும் அவருடைய மகன் அனுப்பிய ஒரு பைக்கற் தேயிலை எல்லாம் இருந்தன. அன்று பின்னேரம் முற்றத்தில் பாயை விரித்து ஒவ்வொன்றாகச் சுவைத்தோம்.

தேயிலையில் இருந்து தொடங்குவோம்.

தேயிலைக்கு முதல் இந்த நாட்டில் கோப்பிதான். கோப்பிச் செடியை இலங்கைக்கு முதலில் கொண்டுவந்தவர்கள் அரபு வணிகர்கள் என்றே பொதுவாகச் சொல்லப்படுகிறது. அதைப் பெரும் தோட்டப் பயிராக்கியவர்கள் ஆங்கிலேயர். 1820களில் மலைநாட்டில் தோட்டங்கள் தொடங்கின. வேலைக்குத் தமிழ்நாட்டில் இருந்து ஆட்கள் வந்தார்கள். எந்த வழியாக? எங்கள் மன்னார்க் கரை வழியாக. இராமநாதபுரம் பக்கத்துத் துறைகளில் தோணி ஏறி, தலைமன்னாரிலும் அரிப்பை அண்டிய கரையிலும் இறங்கி, அங்கிருந்து மாத்தளை வரை ஏறத்தாழ 150 மைல் காட்டுவழியே நடந்தார்கள். தண்ணீர் இல்லாமல், வாந்திபேதியில், காய்ச்சலில் வழியிலேயே மாண்டவர்கள் பல்லாயிரம் பேர். அவர்களுக்குக் கல்லறை இல்லை.

1869இல் கோப்பி இலையில் துரு நோய் விழுந்தது. சில ஆண்டுகளில் அந்தத் தொழிலே படுத்துவிட்டது. அதற்கு இரண்டு வருடம் முன்பே, 1867இல், ஜேம்ஸ் டெய்லர் என்ற ஸ்கொட்லாந்துக்காரர் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை நட்டிருந்தார். கோப்பி போன இடத்தில் தேயிலை பரவியது. நடந்து வந்தவர்களின் பிள்ளைகள்தான் கொழுந்து பறித்தார்கள். 2023இல் மலையக மக்களின் 200 ஆண்டை நினைவுகூர்ந்து தலைமன்னாரில் இருந்து மாத்தளை வரை மீண்டும் ஒரு நடைபயணம் போனது உங்களுக்கு நினைவிருக்கும். காலையில் குடிக்கிற பிளேன்டீயின் கதை இந்தக் கடற்கரையில்தான் தொடங்குகிறது.

கண்டோஸும் அந்தப் பாதையில்தான் வருகிறது. எங்கள் பக்கத்தில் எந்தச் சொக்லட்டுக்கும் பிள்ளைகள் கண்டோஸ் என்றுதானே சொல்கிறார்கள்! ஒரு வணிகப் பெயர் பொருளின் பெயராகிவிட்டது. கோப்பி அழிந்தபோது தோட்டத்துரைமார் தேயிலையை மட்டும் நம்பவில்லை. சிங்கோனா நட்டார்கள், கொக்கோ நட்டார்கள். கொக்கோ நன்றாகப் பிடித்த இடங்களில் ஒன்று மாத்தளை. அந்த நடைபாதை முடிந்த அதே ஊர்.

இனி கேக்.

நத்தார் கேக்கை ஆங்கிலேயர் கொண்டுவந்தார்கள் என்று சொல்லலாம். ஆனால் இங்கே அது வேறு ஒன்றாக மாறிவிட்டது. கோதுமை மாவுக்குப் பதில் ரவை, பிளம்ஸோடு நிறையக் கஜு, ஏலம், கராம்பு, கறுவா, பன்னீர். 'லவ் கேக்' என்று ஒன்று இருக்கிறது, அதில் நீற்றுப்பூசணிக்காய்ப் பாகும் சேரும். கஜு மரத்தைப் பிரேசிலில் இருந்து ஆசியாவுக்குக் கொண்டுவந்தவர்கள் போர்த்துக்கேயர். பறங்கியர் வீடுகளில் நத்தார்க் காலையில் 'புரூடர்' என்ற நொதித்த மாவுக் கேக்கைப் பாற்கட்டியோடு சாப்பிடுவார்கள், அது ஒல்லாந்தர் விட்டுப்போனது. பன்னீர் எங்கள் வட்டிலப்பத்துக்கும் கல்யாண வீட்டுக்கும் உறவு. ஆக, ஒரு துண்டுக் கேக்கில் எத்தனை கப்பல் வந்து நிற்கிறது என்று பாருங்கள்.

கறுவாவைப் பற்றி ஒரு செய்தி. 1344இல் இப்னு பதூதா இலங்கைக்கு வந்தார். அவர் இறங்கிய இடத்தைப் 'பத்தாலா' என்று எழுதினார். அது புத்தளம். அங்கே ஆரியச்சக்கரவர்த்தியைச் சந்தித்தார், முத்துகளைக் கண்டார். கரையெங்கும் கறுவா மரத்துண்டுகள் குவிந்து கிடந்ததையும் குறித்து வைத்தார். அதே கறுவாவுக்காகத்தான் பின்னர் போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் சண்டை பிடித்தார்கள். அனுமதியில்லாமல் கறுவா உரித்தால், விற்றால், ஒல்லாந்தர் காலத்தில் மரண தண்டனை வரை போகும். நாங்கள் கேக்கில் ஒரு சிட்டிகை போடுகிறோம்.

பிராண்டி விஷயத்தையும் மறைக்காமல் சொல்கிறேன். இந்தக் கேக்கில் பழங்களைப் பிராண்டியில் ஊறவைப்பது வழக்கம். அது எங்களுக்கு ஆகாது என்பது அரிப்பு அக்காவுக்கு நன்றாகத் தெரியும். அவர் முதலில் பிராண்டி சேர்க்காத கேக்கைச் சுடுவார். அதற்குப் பழங்களைத் தோடம்பழச் சாற்றில் ஊறவைப்பார். அதை எடுத்து வைத்துவிட்டுத்தான் தங்கள் வீட்டுக் கேக்கைத் தொடங்குவார். ஒருமுறை என் மனைவி, "ஏன் அக்கா இவ்வளவு கஷ்டப்படுறீங்க?" என்று கேட்டார். "பிறகு சுட்டா சட்டியில வாசம் நிக்கும் தங்கச்சி. அதான் உங்கட முதல்" என்றார்.

ஜிஞ்சர் பியர் போத்தலைக் கண்டதும் என் சின்ன மகள், "வாப்பா, பியரா?" என்று பயந்துவிட்டாள். பெயரில்தான் பியர், கடையில் வருவது இஞ்சிச் சோடா. முற்காலத்தில் இங்கிலாந்தில் இஞ்சியையும் சீனியையும் புளிக்கவைத்துக் காய்ச்சியதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. இஞ்சியின் கதை இன்னும் அழகானது. சொர்க்கவாசிகளின் பானத்தில் 'ஸஞ்சபீல்' கலந்திருக்கும் என்று சூரத்துல் இன்ஸானில் வருகிறதே, அந்த ஸஞ்சபீல் இஞ்சிதான். அரபியின் ஸஞ்சபீலும் ஆங்கிலத்தின் ஜிஞ்சரும் தென்னாட்டு 'இஞ்சிவேர்' என்ற சொல்லில் இருந்து வணிகத்தோடு பயணித்த சொற்கள் என்பது மொழியறிஞர் பலருடைய கருத்து. எங்கள் மொழியில் இருந்து போனது, குர்ஆனின் மொழி வழியாகவும் ஆங்கிலம் வழியாகவும் சுற்றி, நத்தார்ப் போத்தலில் திரும்பி வந்திருக்கிறது. மகளுக்கு இதைச் சொன்னேன். அவள் முழுப் போத்தலையும் குடித்துவிட்டாள்.

இதுவரை தட்டில் இருந்த பொருட்களைப் பார்த்தோம். தட்டைத் தூக்கி வருகிறவர்களுக்கும் வாங்குகிறவர்களுக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. மாணவனுக்கு நான் முக்கியமாகச் சொல்ல நினைத்தது அதைத்தான்.

1626இல் போர்த்துக்கேயர் தங்கள் ஆட்சிக்குட்பட்ட பகுதிகளில் இருந்து முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். கண்டி மன்னன் செனரத் அவர்களில் ஏறத்தாழ 4000 பேரை மட்டக்களப்புப் பக்கம் குடியேற்றினான். கத்தோலிக்க அரசு முஸ்லிம்களை விரட்டிய காலம் அது. அதன்பின் சக்கரம் சுற்றியது. 1658இல் மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் ஒல்லாந்தர் பிடித்தார்கள். இப்போது கத்தோலிக்கர்கள் ஒளிய வேண்டியிருந்தது. குருமாருக்கு அடைக்கலம் கொடுத்தால் மரண தண்டனை என்று கட்டளை போட்டார்கள். மாந்தைக் கத்தோலிக்கர்கள் மாதாவின் சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் போனார்கள். மடு உருவான கதை அதுதான்.

கோவாவில் இருந்து ஜோசப் வாஸ் என்ற குருவானவர் 1687இல் பிச்சைக்காரர் வேடத்தில் வந்து, இரகசியமாகப் பூசை வைத்தார். 1689 நத்தார் இரவு யாழ்ப்பாணத்தில் பூசைக்குக் கூடியிருந்தவர்களை ஒல்லாந்தரின் ஆட்கள் சுற்றிவளைத்தார்கள். ஏறத்தாழ 300 பேர் பிடிபட்டார்கள், வாஸ் தப்பிவிட்டார். 2015 ஜனவரி 14ஆம் திகதி பாப்பரசர் பிரான்சிஸ் கொழும்பில் அவரைப் புனிதராக அறிவித்துவிட்டு, அன்றே மடுவுக்கும் வந்தார். ஒரு காலத்தில் நத்தார் கொண்டாடுவதே குற்றமாக இருந்த மக்கள் இவர்கள். இன்று அவர்கள் கதவைத் திறந்து வைத்துத் தட்டு அனுப்புவது சின்ன விஷயம் அல்ல.

எங்கள் கதை உங்களுக்குத் தெரியும். 1990 ஒக்டோபர் கடைசியில் விடுதலைப் புலிகள் வட மாகாண முஸ்லிம்கள் அனைவரையும் வெளியேற்றினார்கள். ஐந்து மாவட்டங்களிலும் சுமார் 75,000 பேர். எனக்கு அப்போது ஒன்பது வயது. கால்நடையாகவும் வள்ளத்திலும் போய்ச் சேர்ந்த இடம், இப்னு பதூதா கறுவாவைக் கண்ட அதே புத்தளக் கரை. கிடுகுக் கொட்டிலில் அந்த டிசம்பர் மழை ஒழுகியது. வாப்பும்மா ஒரு நாள் பின்னேரம் படலைப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். "என்ன வாப்பும்மா?" என்றேன். "இந்நேரம் தட்டு வந்திருக்கும்" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஊர் திரும்பவில்லை, புத்தளத்திலேயே மௌத்தானார். அல்லாஹ் அவருக்கு ரஹ்மத் செய்வானாக.

பெரும்பாலோர் ஊருக்குத் திரும்பியது 2009இல் யுத்தம் முடிந்த பிறகுதான். வீடு இருந்த இடத்தில் காடு. அந்த இருபது வருடத்தில் எங்கள் அயலவர்கள் சுகமாக இருந்தார்கள் என்று நாங்கள் நினைத்திருந்தோம். அது பிழை. 2007 செப்டெம்பரில் சிலாவத்துறையை இராணுவம் பிடித்தபோது அரிப்பு மக்களும் இடம்பெயர்ந்திருந்தார்கள். முள்ளிக்குளத்துக் கத்தோலிக்கர்களின் ஊர் கடற்படை முகாமானது. அவர்கள் மலங்காட்டிலும் காயாக்குழியிலும் கொட்டில் போட்டு இருந்தார்கள். 2017இல் ஒரு பகுதிதான் விடுபட்டது. மடு மாதாவின் சுரூபமே 2008இல் மீண்டும் இடம்பெயர்ந்து தேவன்பிட்டிக்குப் போனது.

நாங்கள் தகரக் கொட்டிலில் இருந்த முதல் டிசம்பரில், ஒருவர் சைக்கிளில் வந்து இறங்கினார். கையில் தட்டு, மேலே துவாய். "உங்கட வாப்பும்மாவுக்கு எங்கட அம்மா குடுத்து விடுறவ. இப்ப ரெண்டு பேரும் இல்ல. தட்டு மட்டும் இருக்கு" என்றார். அன்று கேக் இல்லை. அவர்களிடமும் அடுப்புத்தான் இருந்தது, போரணை இல்லை. சீனி அரியதரமும் பிளேன்டீக்குத் தேயிலையும் இருந்தன. அந்த அக்காதான் இன்றும் வருகிறார்.

மாணவனின் கேள்விக்கு வருகிறேன். குர்ஆனின் ஐந்தாவது அத்தியாயத்தின் பெயர் 'அல்மாஇதா', உணவு விரிப்பு. ஈஸா நபியின் சீடர்கள் வானத்தில் இருந்து ஓர் உணவு விரிப்பைக் கேட்டதும், அது முன்னோருக்கும் பின்னோருக்கும் ஒரு பெருநாளாக இருக்கட்டும் என்று அவர் துஆ செய்ததும் அதில்தான் வருகின்றன. வேதம் கொடுக்கப்பட்டவர்களின் உணவைப் பற்றிய வசனமும் அதே அத்தியாயத்தில்தான் இருக்கிறது. விளக்கத்தை ஆலிம்களிடம் கேளுங்கள். அவர்களுடைய வணக்கம் அவர்களுக்கு, எங்களுடையது எங்களுக்கு. அதில் குழப்பம் இல்லை. ஆனால் போனில் யாரோ ஒரு முகம் தெரியாதவர் எழுதியதைப் படித்துவிட்டு, எங்களுக்காகவே பிராண்டி இல்லாமல் முதல் கேக்கைச் சுட்டவரின் தட்டை வாசலில் வைத்துத் திருப்பி அனுப்புமுன், இருபது வருடம் அந்தத் தட்டு வராமல் இருந்ததை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். எங்களில் பலர் அதைக் கேட்டு அழுதிருக்கிறோம்.

தட்டு இப்போது எங்கள் குசினியில் கழுவி வைத்திருக்கிறது. வெறுந்தட்டுத் திருப்பக் கூடாது என்று உம்மா சொல்லுவார். நாளைக்கு நத்தார். மனைவி காலையில் வட்டிலப்பம் அவிக்கப்போகிறார். தட்டைக் கொண்டுபோகப்போவது மகள்தான். அக்காவின் வீட்டில் இன்னொரு போத்தல் ஜிஞ்சர் பியர் இருக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

உங்கள் வீடுகளுக்கும் இப்படித் தட்டு வந்த கதை இருக்கும், 1990க்கு முன்னும் பின்னும். வயதானவர்களிடம் கேட்டு எழுதுங்கள். பிள்ளைகளின் பாடப்புத்தகத்தில் அது இல்லை.

வஸ்ஸலாம்.