நாய்க்கு வேலை உண்டு

கொஞ்ச நாளா இன்பாக்ஸில் ஒரே மாதிரி கேள்வி வந்துட்டே இருக்கு. "லாஸ்பேட்டையில் ரெண்டாவது மாடியில் இருக்கேன். ஒரு நாய் வாங்கணும். எந்த ப்ரீட் நல்லது?" வரலாறு பேசுற பாட்காஸ்ட்டில் இது எதுக்குன்னு சிலருக்குத் தோணலாம். எனக்கு இதைவிட நல்ல வரலாற்றுக் கேள்வி சமீபத்தில் வரல. ஏன்னு சொல்றேன்.

"நாய்க்கு வேலையும் இல்ல, நிற்க நேரமும் இல்ல"ன்னு ஒரு பழமொழி இருக்கு இல்லையா? அதில் முதல் பாதி ரொம்பப் புதுசுன்னு நினைக்கிறேன். மனுஷனோட வாழ்ந்த காலத்தில் பெரும்பகுதி நாய்க்கு வேலை இருந்தது.

திருவண்ணாமலை மாவட்டத்தில் எடுத்தனூர்னு ஒரு ஊர். புதுச்சேரியில் காலையில் பைக் எடுத்தா ராத்திரிக்குள்ள திரும்பிடலாம். அங்கே ஒரு நடுகல் இருக்கிறது. மகேந்திரவர்ம பல்லவன் காலம், அதாவது 7ஆம் நூற்றாண்டு. கருந்தேவகத்தி என்கிற வீரன் எருமைகளைக் காக்கப் போய் இறந்துபோனான், அவனுக்காக நட்ட கல். அவன் உருவத்துக்குப் பின்னால் ஒரு நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. அந்த நாய்க்குத் தனியாக எழுத்துப் பொறித்திருக்கிறார்கள். அதன் பெயர் கோவிவன். இரண்டு கள்ளர்களைக் கடித்துவிட்டு அங்கேயே காவல் நின்றது என்று கல் சொல்கிறது.

ஒரு நிமிஷம் இதை யோசிச்சுப் பாருங்க. 1,400 வருஷத்துக்கு முன்னாடி ஒரு நாய் ரெண்டு பேரைக் கடிச்சது. ஊர் கூடி அதுக்குக் கல்லில் பெயர் வெட்டினாங்க. இன்னைக்கு அதே கோவிவன் உங்க அபார்ட்மென்ட் லிஃப்ட்டில் ரெண்டு டெலிவரி பசங்களைக் கடிச்சா என்ன ஆகும்? அசோசியேஷன் மீட்டிங், போலீஸ் புகார், கடைசியில் "இந்த ஜாதி நாயே இப்படித்தான்"னு ஒரு தீர்ப்பு. நாய் செஞ்சது ரெண்டு இடத்திலும் ஒரே காரியம்.

இன்னொன்று. கோவிவன் என்ன இனம் என்று கல்லில் இல்லை. பெயர் இருக்கு, செஞ்ச வேலை இருக்கு. நாம் இப்போ சொல்ற அர்த்தத்தில் 'ப்ரீட்', அதாவது பதிவேடு, வம்சச் சான்றிதழ், மூக்கு எந்த நிறத்தில் இருக்கணும்னு விதி, இதெல்லாம் 19ஆம் நூற்றாண்டுச் சரக்கு. இங்கிலாந்தில் நியூகாசில் நகரில் 1859இல் நாய்க் கண்காட்சி நடந்தது. லண்டனில் கென்னல் கிளப் தொடங்கியது 1873இல். அதுக்கு முன்னாடி நாயைத் தேர்ந்தெடுத்தவர் "இது என்ன செய்யும்?"னு கேட்டார். அதுக்கப்புறம் வந்தவர் "பார்க்க எப்படி இருக்கும்?"னு கேட்க ஆரம்பிச்சார்.

இப்போ நம்ம பீச் ரோட்டுக்கு வாங்க. காலையில் வண்டிகளை விடுறதுக்கு முன்னாடி அங்கே நடந்து போனா ராட்வைலர், டாபர்மேன், அல்சேஷன்னு ஒரு ஐரோப்பாவே வாக்கிங் போகும். ராட்வைலர் தெற்கு ஜெர்மனியின் ராட்வைல் ஊர்க் கசாப்புக்காரர்கள் மாடு ஓட்ட வைத்திருந்த நாய். ரயிலில் மாடு ஏற்றத் தொடங்கியதும் வேலை போச்சு, இனமே அழியும் நிலைக்கு வந்தது. அப்புறம் போலீஸ் எடுத்துக்கிட்டது. டாபர்மேனை உருவாக்கிய லூயி டோபர்மான் வரி வசூல் செய்தவர் என்று சொல்வார்கள். வரி கேட்டுப் போறவருக்கு எந்த மாதிரி நாய் தேவைப்பட்டிருக்கும்னு நான் விளக்க வேண்டியதில்லை.

அல்சேஷன் கதைதான் எனக்குப் பிடித்தது. மாக்ஸ் ஃபான் ஸ்டெஃபானிட்ஸ் என்கிற ஜெர்மன் ராணுவ அதிகாரி 1899இல் பதிவு செய்யத் தொடங்கிய ஆட்டிடையர் நாய் அது, ஜெர்மன் ஷெப்பர்ட். முதல் உலகப் போர் முடிந்தபோது 'ஜெர்மன்' என்ற சொல்லே இங்கிலாந்தில் யாருக்கும் பிடிக்கவில்லை. பிரான்ஸ் ஜெர்மனியிடமிருந்து மீட்ட அல்சாஸ் பகுதியின் பெயரை நாய்க்கு வைத்துவிட்டார்கள். பழைய பெயரை பிரிட்டிஷ் கென்னல் கிளப் திரும்பக் கொடுத்தது 1977இல். நம்ம ஊர்ல இன்னும் அல்சேஷன்தான். பீச் ரோட்டில் அந்த நாய்கள் தினமும் கடந்து போகும் பிரெஞ்சு போர் நினைவுச் சின்னம், அதே போரில் இறந்த பிரெஞ்சிந்திய வீரர்களுக்காக 1938இல் கட்டியது. பெயர் மாறின அறுபது வருஷமும் நாய் ஆட்டுமந்தையைச் சுத்துற புத்தியோடதான் இருந்தது. மந்தை இல்லைன்னா உங்க வீட்டுக் குழந்தைகளைச் சுத்திச் சுத்தி ஒரு மூலையில் சேர்க்கும். அதை "அடங்க மாட்டேங்குது"ன்னு சொல்றோம்.

ஹஸ்கியையும் அங்கே பார்த்திருக்கேன். சைபீரியப் பனியில் வண்டி இழுக்கப் பிறந்தது, நம்ம மே மாசத்தில் நாக்கைத் தொங்கப்போட்டு நிக்குது. 2024இல் தமிழ்நாடு அரசு வெளியிட்ட நாய் இனப்பெருக்கக் கொள்கை இந்த வெயிலுக்கு ஒத்துவராத இனங்களின் பட்டியலில் ஹஸ்கியையும் சேர்த்தது. ஆனா கோரிமேட்டைத் தாண்டினாதான் அது தமிழ்நாடு, இந்தப் பக்கம் வேற அரசாங்கம். வெயில் மட்டும் ஒண்ணுதான்.

"அப்போ நாட்டு நாய் வாங்கிடுறேன், பிரச்சினை தீர்ந்தது"ன்னு சொல்றவங்க நிறைய. நல்ல எண்ணம். ஆனா அதுவும் வேலை பார்த்த நாய்தான். சிப்பிப்பாறையும் கன்னியும் கரிசல் காட்டில் முயல் விரட்டியவை. கோம்பை காட்டுப்பன்றி வேட்டைக்குப் போனது. 1972இல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தது, வேட்டை குற்றமானது, இந்த நாய்களுக்கும் வேலை போனது. முயல் பின்னாடி ஓடுற நாயை ரெண்டாவது மாடியில் கட்டிப்போட்டா அது சோபாவைக் கிழிக்கும். வேற என்ன செய்யும்?

ராஜபாளையம் இன்னும் சிக்கல். 2005இல் அஞ்சல் துறை நான்கு இந்திய நாய்களுக்குத் தபால்தலை வெளியிட்டது. அதில் ராஜபாளையமும் ஒன்று. வீடும் வயலும் காத்த நாய், ஒரே எஜமானோடு ஒட்டிக்கொள்ளும், புது ஆள் தொட்டால் பிடிக்காது. நமக்குத் தெரிந்த ராஜபாளையம் பால் வெள்ளை, ரோஸ் மூக்கு. வேறு நிறக் குட்டிகளும் பிறப்பதுண்டு. ஆனால் வெள்ளைக்குத்தான் மவுசு, தலைமுறை தலைமுறையாக வெள்ளையையே பொறுக்கினார்கள். இதுக்கு ஒரு விலை இருக்கு. தோலுக்கும் முடிக்கும் நிறம் கொடுக்கிற அதே வகை செல்கள் உள்காதிலும் இருக்கணும். அங்கே அவை இல்லாவிட்டால், பிறந்த சில வாரங்களில் கேட்கும் நரம்பு செல்கள் செத்துவிடும். டால்மேஷியனுக்கும் இதே பிரச்சினை. அதனால்தான் ராஜபாளையத்தில் செவிட்டுக் குட்டிகள் பிறக்கின்றன.

இப்போ அந்தக் குட்டி வளர்ந்து உங்க ஹாலில் தூங்குது. பின்னாடி இருந்து ஒரு குழந்தை வந்து தொடுது. காலடிச் சத்தம் கேட்காத நாய் திடுக்கிட்டு எழும், பல் படும். "ராஜபாளையம்னாலே கோவக்கார நாய்"ன்னு ஊர் சொல்லும். அந்தக் கோவத்தில் ஒரு பங்கு நாம் நிறம் பார்த்து வாங்கினதால் வந்தது.

அரசாங்கம் சும்மா இருந்ததுன்னு சொல்ல முடியாது. நாட்டு இனங்களைக் காக்க சென்னை சைதாப்பேட்டையில் 1980களின் தொடக்கத்தில் ஒரு நாய் இனப்பெருக்க மையம் தொடங்கினார்கள். அங்கே நாய்கள் இருந்த மோசமான நிலையைப் பார்த்து, 2016இல் சென்னை உயர் நீதிமன்றம் அதை மூடச் சொன்னது.

2024 மார்ச்சில் மத்திய அரசு 23 வகை நாய்களை மூர்க்கமானவை என்று பட்டியலிட்டு, தடை செய்யச் சொல்லி மாநிலங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. ஜப்பானின் டோசா அந்தப் பட்டியலில் இரண்டு பெயரில் இரண்டு முறை வருகிறது. அடுத்த மாதமே கர்நாடக உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. மே மாதம் சென்னை ஆயிரம் விளக்கில் ஒரு பூங்காவில் இரண்டு ராட்வைலர்கள் 5 வயதுச் சிறுமியைக் கடித்துக் குதறின. தமிழ்நாடு அரசு அதே 23 இனங்களுக்குத் தடை போட்டது, போட்ட வேகத்தில் திரும்பவும் பெற்றுக்கொண்டது. அந்தப் பூங்காவில் நாய்கள் சங்கிலியில் இல்லை, வாய்க்கு மூடியும் இல்லை. எனக்கு இனத்தைவிட அதுதான் பெரிய விஷயமாகப் படுகிறது.

நம்ம பழைய ஆட்சியாளர்கள் ஊர்ல என்ன செய்றாங்க? பிரான்ஸில் 1999 ஜனவரியில் வந்த சட்டம் ஆபத்தான நாய்களை இரண்டு வகையாகப் பிரிக்கிறது. பிட்புல் மாதிரியான முதல் வகையை வாங்கவோ விற்கவோ முடியாது. ராட்வைலர் இரண்டாவது வகை: வைத்துக்கொள்ளலாம், ஆனால் தெருவில் சங்கிலியும் வாய்மூடியும் கட்டாயம், இன்சூரன்ஸ் வேண்டும். 2008இல் ஒரு திருத்தம் கொண்டுவந்தார்கள். நாயை மிருக மருத்துவர் பரிசோதித்துக் குணத்தை எழுதித் தர வேண்டும். அதோடு நாய் வைத்திருப்பவர் ஏழு மணி நேரம் வகுப்பில் உட்கார்ந்து சான்றிதழ் வாங்க வேண்டும். அந்தச் சட்டத்திலும் இனப் பட்டியல் இருக்கு, அதைத் திட்டுறவங்க அங்கேயும் உண்டு. ஆனா ஓனரை ஸ்கூலுக்கு அனுப்புற யோசனையை எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. பாண்டியில் ஹெல்மெட் போட வைக்கவே நாம படுற பாடு தெரிஞ்சும் சொல்றேன்.

சரி, லாஸ்பேட்டை ரெண்டாவது மாடி. காலையும் மாலையும் ஒரு மணி நேரம் ஓட விட முடியாதுன்னா சிப்பிப்பாறை வேண்டாம். வீட்டுக்கு விருந்தாளிங்க வந்து போய்ட்டே இருப்பாங்கன்னா ராஜபாளையம், ராட்வைலர் ரெண்டும் வேண்டாம். உங்க தெருமுனையில் பிறந்த குட்டி இந்த வெயிலுக்கும் நம்ம சாப்பாட்டுக்கும் ஏற்கெனவே பழகினது, அதை ஒரு தடவை போய்ப் பாருங்க. இல்ல, ராஜபாளையம்தான்னு மனசு சொன்னா, ஆறு வாரம் ஆன குட்டி உங்களைப் பார்க்காதபோது பின்னாடி நின்னு சாவிக்கொத்தைக் குலுக்குங்க. கூடப் பிறந்த குட்டிங்க திரும்பி, அது மட்டும் திரும்பலன்னா உஷாராகிடுங்க. ஒரு காது மட்டும் கேட்கலன்னா இந்தச் சோதனையில் தெரியாது, அதுக்கு மருத்துவர்கிட்ட மூளை அலைச் சோதனைதான் வழி. பிரீடர் "மூக்கைப் பாருங்க சார், எவ்ளோ ரோஸ்"னு சொல்லுவார். நீங்க காதைப் பாருங்க.