கேவலம்: ஒரு சொல்லின் சரிவு

'சீ, கேவலம்!' என்று ஒருவரைப் பார்த்துச் சொல்லிவிட்டால் அதற்குமேல் வசை தேவையில்லை. குற்றம், பிழை போன்ற சொற்களில் விசாரணைக்கு இடமுண்டு. இதில் இல்லை, தீர்ப்பு மட்டுமே உண்டு. ஆனால் இதே சொல் சமணத்தில் உயிர் எட்டக்கூடிய ஆக உயர்ந்த அறிவின் பெயர்.

வடமொழியில் 'கேவல' என்பதற்குத் தனித்த, கலப்பற்ற, முழுமையான என்பன பொருள்கள். உமாஸ்வாதியின் தத்துவார்த்த சூத்திரம் அறிவை ஐந்தாக வகுத்து, இறுதியில் வைப்பது கேவலஞானத்தை. புலன்களின் துணையின்றி, தடையின்றி அனைத்தையும் அறியும் அறிவு அது. வேறெதையும் சாராததால் 'தனி'. பன்னிரண்டு ஆண்டுகளுக்கும் மேலான தவத்துக்குப் பின் மகாவீரர் அடைந்தது அதைத்தான். அடைந்தவர் கேவலி.

இவ்வளவு உயரத்தில் இருந்த சொல் எப்படிச் சரிந்தது? சைவம் சமணத்தை வென்றபோது அதன் சொல்லையும் வேண்டுமென்றே இழிவாக்கியது என்று ஒரு விளக்கம் சொல்லத் தோன்றும். கவர்ச்சியான விளக்கம்தான். சமயப் பூசலில் சொற்கள் அடிபடுவது உண்மையும்கூட. அசோகரின் கல்வெட்டுகளில் எல்லாச் சமயப் பிரிவினரையும் மதிப்புடன் சுட்டிய 'பாசண்ட' என்ற சொல், பிற்காலத்தில் வேதநெறிக்குப் புறம்பானவர்களைப் பழிக்கும் சொல்லாயிற்று. அவருடைய பட்டப்பெயரான 'தேவானாம்பிரிய' என்பதற்குப் பிற்கால வடமொழி இலக்கணிகள் 'மூடன்' என்றே பொருள் தந்தார்கள்.

ஆனால் கேவலத்துக்கு இந்த விளக்கம் பொருந்தவில்லை. சைவ சித்தாந்தமே இச்சொல்லைத் தன் கலைச்சொல்லாக வைத்திருக்கிறது. கேவலம், சகலம், சுத்தம் என உயிருக்கு மூன்று நிலைகள். ஆணவ மலத்தோடு மட்டும் கிடந்து, இருளில் கண்போல ஒன்றும் அறியாதிருப்பது கேவல நிலை. ஸ்ரீவைஷ்ணவத்திலும் இறைவனை நாடாமல் தன் ஆன்மாவையே அனுபவிக்க விரும்புபவன் 'கேவலன்'. அவன் அடையும் கைவல்யத்தின் இடம் எது என்பதில் வடகலைக்கும் தென்கலைக்கும் வாதம் உண்டு. அது பகவத் கைங்கரியத்துக்குக் கீழ்ப்பட்டது என்பதில் வாதமில்லை. சமணருக்குத் தனிமை விடுதலை. இறைவனைத் துணையாகக் கொண்ட சமயங்களுக்கு அதே தனிமை ஒரு வறுமை. இங்கே சொல்லின் பொருள் மாறவேயில்லை, தனிமையின் மதிப்புத்தான் மாறியது. இவையெல்லாம் ஏடுகளில் நடந்தவை. தெருவில் நின்று ஏசியவன் சித்தாந்த சாத்திரம் கற்றிருக்க வேண்டியதில்லை.

சரிவின் வழி இலக்கணத்தில் இருப்பதாகவே எனக்குப் படுகிறது. வடமொழியிலேயே 'கேவலம்' என்பது 'மட்டும்' என்ற பொருளில் வினையடையாக வரும். இந்தியின் 'கேவல்', தெலுங்கின் 'கேவலம்' இரண்டும் பெரும்பாலும் அங்கேயே நின்றுவிட்டன. தமிழில் 'கேவலம் ஐந்து ரூபாய்க்காகவா இந்தச் சண்டை?' என்று கேட்கிறோம். இங்கே கேவலம் என்பது 'வெறும்'. இன்று பலர் 'ஆஃப்டர் ஆல்' என்று சொல்கிற அதே இடம். 'ஐந்து ரூபாய் மட்டும்' என்பது ஒரு கணக்கு. 'வெறும் ஐந்து ரூபாய்' என்றால் உதடு சற்றுச் சுழிக்கிறது. அந்தச் சுழிப்பு தொகையிலிருந்து சண்டைக்கும், சண்டையிலிருந்து சண்டையிட்டவனுக்கும் ஏறிவிட்டது. அற்பமான தொகைக்காக நிற்பவன் அற்பன். அதன்பின் ஐந்து ரூபாய் தேவைப்படவில்லை, சொல் தனியாகவே ஏசத் தொடங்கியது. கேவலப்படுத்து, கேவலப்படு என வினைகளும் பிறந்தன.

அடையாக வந்த சொல்லுக்கு நேர்ந்த இந்தக் கதி, அதிலிருந்து பிறந்த 'கைவல்யம்' என்ற சொல்லுக்கு நேரவில்லை. யோக சூத்திரத்தின் இறுதிப் பகுதிக்கு அதுவே பெயர். தாண்டவராய சுவாமிகளின் தமிழ் வேதாந்த நூலுக்குக் கைவல்ய நவநீதம் என்று பெயர். 'வெறும்' என்ற இடத்தில் கைவல்யத்தை யாரும் பயன்படுத்தியதில்லை, அதனால் தப்பியது. வந்தவாசி, திண்டிவனம் பக்கத்துத் தமிழ்ச் சமணர்களுக்குக் கேவலஞானம் இன்றும் வணங்கத்தக்க சொல். கடைவீதியில் சண்டை வந்தால் அவர்களும் 'கேவலம்' என்றுதான் சொல்வார்கள்.